ஒரே பானை, இரண்டு தட்டு: இத்தாலியர்கள் வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள்?

கேள்வி இது: இத்தாலியர்கள் பரம்பரையாக வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள், பீட்சாவும் பாஸ்தாவும் மட்டும்தானா? ஊருக்கு ஊர் சமையல் மாறுகிறது என்கிறார்களே, ஏன்? அசைவம் சாப்பிடாத ஒருவர் அங்கே போனால் என்ன கேட்டு வாங்கலாம்?

நேப்பிள்ஸ் நகரத்து வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு எப்படித் தயாராகிறது என்று பார்த்தாலே இதில் பாதிக்கு விடை கிடைத்துவிடும். காலை விடிந்ததுமே அடுப்பில் ஒரு பெரிய பானை ஏறிவிடும். சிலர் முந்தின இரவே ஏற்றிவிடுவார்கள். வெங்காயத்தை வதக்கி, பன்றி விலா எலும்பு, மாட்டிறைச்சித் துண்டுகள், பூண்டும் பார்ஸ்லியும் சீஸும் வைத்துச் சுருட்டி நூலால் கட்டிய இறைச்சிச் சுருள் எல்லாவற்றையும் சிவக்க விட்டு, வைன் ஊற்றி, தக்காளிச் சாறு சேர்ப்பார்கள். அப்புறம் மூடியை லேசாகச் சாய்த்துவிட்டு ஐந்தாறு மணி நேரம் அப்படியே விட்டுவிடுவார்கள். கொதிக்கக் கூடாது, மேற்பரப்பில் அங்கங்கே ஒரு குமிழி மட்டும் வந்து உடைய வேண்டும். மதியம் அந்தக் குழம்பை மட்டும் எடுத்து, வேக வைத்த பாஸ்தாவில் கலந்தால் அது முதல் தட்டு. பானையில் மிஞ்சியிருக்கும் இறைச்சி இரண்டாவது தட்டு.

இத்தாலியச் சாப்பாட்டில் ப்ரீமோ, செகோந்தோ என்று சொல்லப்படுபவை இவைதான். முதலாவது மாவுச்சத்து: பாஸ்தா, அரிசி, சூப், பொலென்தா என ஏதாவது ஒன்று. இரண்டாவது இறைச்சி, மீன் அல்லது முட்டை. உணவகத்தில் இந்த இரண்டையும் தனித்தனி விலையில் பார்க்கும்போது ஏதோ விருந்துக்கான ஆடம்பரம் என்று தோன்றும். வீட்டுச் சமையலில் பார்த்தால் இதன் அடியில் இருப்பது சிக்கனம். எமிலியா பகுதியில் கிறிஸ்துமஸ் அன்று காயடித்த சேவலையும் மாட்டிறைச்சியையும் மணிக்கணக்கில் வேக வைப்பார்கள். அந்தத் தண்ணீரில் தொர்தெல்லீனி என்ற, உள்ளே பூரணம் வைத்த குட்டிப் பாஸ்தா வெந்து முதல் தட்டாகும். வெந்த இறைச்சி, பச்சைச் சட்னி போன்ற ஒரு சாஸுடன் இரண்டாவது தட்டாகும். இஸ்கியா தீவில் முயல் கறி வைத்தாலும் இதே கணக்குதான்: குழம்பு பாஸ்தாவுக்கு, கறி பிறகு. இறைச்சி அரிதாகக் கிடைத்த வீடுகளில், முதலில் மாவுச்சத்தால் வயிற்றை நிரப்பிவிட்டுப் பிறகு ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தால் எல்லோருக்கும் போதும். இத்தாலியச் சமையலில் நான் மிகவும் மதிக்கும் விஷயம் இதுதான். ஒரு பானையிலிருந்து இரண்டு முழுமையான சுவைகளை எடுத்து, இல்லாமையைக் காட்டிக்கொள்ளாமல் பந்தி நடத்தும் புத்தி அது.

முழு வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் அன்டிபாஸ்தோ: உப்பிட்டு உலர்த்திய இறைச்சி, ஆலிவ், எண்ணெயில் ஊறிய காய்கறி போல வாய்க்குச் சுருக்கென்று ஏதாவது. பிறகு ப்ரீமோ. பிறகு செகோந்தோ, அதோடு கொந்தோர்னோ என்ற பெயரில் ஒரு காய்கறி அல்லது சாலட். அப்புறம் சீஸ் அல்லது பழம், இனிப்பு, கடைசியாகச் சின்னக் கோப்பையில் கறுப்புக் காபி. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மேசையில் பரப்பும் வழக்கம் இல்லை; ஒன்று முடிந்து தட்டை எடுத்த பிறகே அடுத்தது வரும். சாலட் முதலில் வராது. காபி இனிப்போடு சேர்ந்து வராது, அதற்குப் பிறகு தனியாக வரும். ரொட்டி தொடக்கம் முதல் கடைசி வரை மேசையில் இருக்கும், வெண்ணெய் இல்லாமல். தட்டில் ஒட்டியிருக்கும் குழம்பை ரொட்டியால் வழித்துச் சாப்பிடுவதை வீட்டில் யாரும் தவறாக நினைப்பதில்லை, சமைத்தவருக்குச் சந்தோஷம்தான்.

சரி, இது தினசரி நடக்கிறதா என்றால், இல்லை. இந்த வரிசை ஞாயிற்றுக்கிழமைக்கும் பண்டிகைக்கும் திருமணத்துக்கும் உரியது. வேலை நாளில் மதியம் ஆளுக்கு 80 முதல் 100 கிராம் பாஸ்தாவும் ஒரு பழமும் போதும். இரவில் சூப், அல்லது ஒரு துண்டு மீனும் கீரையும், அல்லது முட்டை. காலையில் பால் கலந்த காபியும் ஒரு பிஸ்கட்டோ இனிப்பு ரொட்டியோ. கப்புச்சீனோ அந்த வேளைக்கு உரியது. வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு அவ்வளவு பால் குடித்தால் செரிக்காது என்பது அங்கே பெரியவர்கள் எல்லோரும் சொல்லும் பேச்சு. பள்ளி விட்டு வரும் குழந்தைகளுக்கு மாலையில் ஒரு சிற்றுண்டி உண்டு.

இனி ஊருக்கு ஊர் மாறுவது பற்றி. இத்தாலி ஒரே நாடானது 1861-இல்தான். ரோம் அதன் தலைநகரானது 1871-இல். அதற்கு முன்பு வெனிஸுக்கு ஒரு ஆட்சி, நேப்பிள்ஸுக்கு ஒரு ஆட்சி, ரோமுக்குப் போப்பாண்டவர் என்று இருந்தது. பேச்சு வேறு, நாணயம் வேறு, சமையல் வேறு. நாடு முழுவதற்குமான சமையல் என்ற எண்ணத்துக்கு உருவம் கொடுத்தவர் பெல்லெக்ரீனோ அர்தூசி என்ற பட்டு வணிகர். ஓய்வு பெற்ற பிறகு, 1891-இல், தன் கைக்காசைப் போட்டு ஒரு சமையல் நூலை ஃபுளோரன்ஸில் அச்சிட்டார். முதல் பதிப்பில் 475 குறிப்புகள். வாசித்த பெண்கள் பல ஊர்களிலிருந்தும் கடிதத்தில் தங்கள் வீட்டுக் குறிப்புகளை எழுதி அனுப்ப, கடைசிப் பதிப்புக்குள் அது 790 ஆகிவிட்டது. அப்படியும் அதில் தெற்கத்திச் சமையலுக்குக் கிடைத்த இடம் கொஞ்சம்தான். அவருக்குத் தெரிந்தது ரொமான்யாவும் தொஸ்கானாவும். இன்றைக்கும் யாரிடமாவது "இத்தாலியச் சாப்பாடு" என்று பேச்செடுத்தால், பதிலாகத் தங்கள் ஊர்ச் சாப்பாட்டைப் பற்றித்தான் சொல்வார்கள்.

இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள, ஒவ்வொரு ஊரிலும் இரண்டு கேள்வி கேட்டால் போதும். எந்த மாவு விளைந்தது? எந்தக் கொழுப்பில் சமைத்தார்கள்? வெயிலும் வறட்சியும் உள்ள தெற்கில் டூரம் கோதுமை விளையும். அதை ரவையாக உடைத்து, தண்ணீர் மட்டும் விட்டுப் பிசைந்து, காய வைத்தால் கெடாமல் வருடக்கணக்கில் இருக்கும். கடையில் வாங்கும் ஸ்பகெட்டியும் பென்னேயும் இந்த வகை. போ ஆற்றுச் சமவெளியில் விளைவது மென்மையான கோதுமை. அதன் மாவுக்குப் பிடிமானம் குறைவு என்பதால் 100 கிராமுக்கு ஒரு முட்டை என்று சேர்த்துப் பிசைந்து, அன்றன்றைக்கே சமைப்பார்கள். இத்தாலியில் தயாராகும் உலர் பாஸ்தா டூரம் கோதுமையில்தான் செய்யப்பட வேண்டும் என்று 1967-இல் சட்டமே வந்துவிட்டது. கொழுப்பும் இப்படித்தான்: மாடு மேய்ந்த வடக்கில் வெண்ணெய், ஆலிவ் மரம் நின்ற கரையோரத்திலும் தெற்கிலும் ஆலிவ் எண்ணெய், இரண்டுக்கும் வழியில்லாத ஏழை வீடுகளில் எங்கும் பன்றிக் கொழுப்பு.

வடக்கில் பல தலைமுறைகளுக்குக் கோதுமையே எட்டாத பொருள். வெனேதோ, லொம்பார்தியா மலையடிவார மக்களின் தினசரிச் சாப்பாடு பொலென்தா, அதாவது மக்காச்சோள மாவுக் களி. செப்புக் கொப்பரையில் தண்ணீர் கொதிக்கும்போது மாவைத் தூவி, முக்கால் மணி நேரமாவது கை ஓயாமல் கிண்டி, மரப்பலகையில் கொட்டி, நூலால் அறுத்து ஆளுக்கு ஒரு துண்டு கொடுப்பார்கள். இன்று அதை ஏதோ மலை வாசஸ்தலத்துச் சுவையாக உணவகங்களில் விற்கிறார்கள். அதன் பின்னால் ஒரு பெரிய துயரம் இருக்கிறது. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் களியைத் தவிர வேறொன்றும் கிடைக்காத விவசாயிகளுக்கு பெல்லாக்ரா என்ற நோய் வந்தது: தோல் உரிந்து, வயிறு கெட்டு, கடைசியில் மனம் பிறழ்ந்து சாவார்கள். மக்காச்சோளத்தில் உள்ள நியாசின் சத்து அப்படியே உடலில் சேராது. அந்தப் பயிரின் தாயகமான மெக்சிகோவில் சுண்ணாம்பு நீரில் வேக வைத்து அந்தச் சத்தை விடுவிப்பார்கள். பயிர் மட்டும் கடல் கடந்து வந்தது, பக்குவம் வரவில்லை. ஒரு உணவைப் "பாரம்பரியம்" என்று கொண்டாடும்போது அதைச் சாப்பிட்டு வாழ வேண்டியிருந்தவர்களையும் சேர்த்து நினைக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதே சமவெளியில் 15-ஆம் நூற்றாண்டிலிருந்து நெல்லும் விளைகிறது. வெர்ச்செல்லி, நொவாரா, பாவியா வட்டாரங்களில் வயல்கள் கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர் நிறைந்து கிடக்கும். 20-ஆம் நூற்றாண்டின் பாதி வரை களை பறிக்க மொந்தீனே என்ற பெண் தொழிலாளிகள் வெளியூர்களிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்து, முழங்கால் தண்ணீரில் நாள் முழுக்கக் குனிந்து நின்றார்கள். அந்த அரிசியிலிருந்து வந்ததுதான் ரிசோட்டோ. கர்னரோலி, அர்போரியோ, வியலோனே நானோ என்ற குண்டு ரகங்கள் இதற்கு வேண்டும். அவற்றின் மாவுப் பசைதான் குழைவைத் தரும், க்ரீம் தேவையில்லை. அரிசியைக் கழுவக் கூடாது. வெண்ணெயில் வெங்காயம் வதக்கி, அரிசியைச் சூடேறும்வரை வறுத்து, கொஞ்சம் வைன் வற்றவிட்டு, கொதிக்கும் சூப்பை அகப்பை அகப்பையாக ஊற்றி வேக வைத்து, கடைசியில் அடுப்பை அணைத்த பிறகு குளிர்ந்த வெண்ணெயும் சீஸும் போட்டு வேகமாகக் கிளறுவார்கள். மிலானில் அதில் குங்குமப்பூ சேரும். முதல் தட்டு வேறு, இரண்டாவது தட்டு வேறு என்ற விதி உடைவதும் மிலானில்தான்: ஒஸோபூக்கோ எனும் கன்றின் கால் எலும்புக் கறியை மட்டும் அந்த மஞ்சள் ரிசோட்டோவோடு ஒரே தட்டில் வைப்பார்கள்.

வெனிஸில் பொரித்த மத்தி மீனை வெங்காயம், வினிகர், உலர் திராட்சை, பைன் கொட்டையோடு ஊற வைத்துச் சாப்பிடுவது வழக்கம். கப்பலில் போகிறவர்களுக்கு நாள்பட இருக்க வேண்டும் என்பதற்கான பக்குவம் அது. பக்கத்து விச்சென்சாவில் ஊரின் பெருமையே ஒரு கருவாட்டுக் குழம்புதான். 1432-இல் பியெத்ரோ குவெரீனி என்ற வெனிஸ் வணிகர் கப்பல் உடைந்து நார்வேயின் லொஃபோதன் தீவுகளில் ஒதுங்கினார். அங்கே காட் மீனை உப்பில்லாமல் காற்றிலேயே காய வைப்பதைப் பார்த்து ஊருக்கு வந்து சொன்னார். அந்த மீன் இன்றும் நார்வேயிலிருந்துதான் வருகிறது. பாலிலும் ஆலிவ் எண்ணெயிலும் வெங்காயத்தோடு மணிக்கணக்கில் வேக வைத்துப் பொலென்தாவோடு பரிமாறுவார்கள்.

எமிலியா-ரொமான்யாவுக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். பொலோன்யாவில் பாஸ்தா மாவை விரிக்கும் பெண்களை ஸ்ஃபொலீனா என்பார்கள். ஒரு மீட்டர் நீளத்துக்கு இருக்கும் மெல்லிய மரக் குழவி, அகலமான மரப்பலகை, இரண்டு கை. இவ்வளவுதான் கருவி. மாவு விரிந்து விரிந்து மேசை முழுக்க மூடும். அதைத் தூக்கிப் பிடித்தால் ஊருக்கு வெளியே குன்றின் மேலிருக்கும் சான் லூகா கோயில் அதன் வழியே தெரிய வேண்டும் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. மரப்பலகையில் விரிப்பதற்குக் காரணம் இருக்கிறது: மரத்தின் சொரசொரப்பு மாவில் பதியும், குழம்பு அதில் பிடித்துக்கொள்ளும். இந்தத் தாளை நாடாவாக வெட்டினால் தல்யதெல்லே. வேக வைத்த பிறகு அதன் அகலம் 8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று 1972-இல் பொலோன்யா வணிகச் சபையில் பதிவே செய்துவிட்டார்கள். நகரத்தின் அசினெல்லி கோபுர உயரத்தில் 12,270-இல் ஒரு பங்கு அது. தொர்தெல்லீனியின் உள்ளே வைக்கும் பூரணத்தை 1974-இல் பதிந்தார்கள், ராகு குழம்பை 1982-இல்.

அந்த ராகுவில் மாட்டிறைச்சி, பாஞ்செட்டா என்ற பன்றி வயிற்றுப் பகுதி, வெங்காயம், கேரட், செலரி, வைன், பால், அளவாகத் தக்காளி. பூண்டு கிடையாது. மாட்டுக்கறிதான் அதன் ஆதாரம், தக்காளி நிறம் கொடுக்க மட்டும். உலகம் முழுக்க "ஸ்பகெட்டி பொலொனீஸ்" என்று விற்பதைப் பொலோன்யா வீடுகள் ஏற்றுக்கொள்வதில்லை. வழுவழுப்பான ஸ்பகெட்டியில் கறித்துணுக்கு நிற்காமல் தட்டின் அடியில் போய்விடும், சொரசொரப்பான முட்டை நாடாவில் ஒட்டிக்கொள்ளும். அவர்கள் சொல்வது நியாயம்தான், இரண்டையும் சாப்பிட்டுப் பார்த்தால் தெரியும்.

இதே மண்ணில்தான் பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸும். ஒரு சக்கரத்துக்கு ஏறக்குறைய 550 லிட்டர் பால் வேண்டும். முந்தின மாலைப் பாலின் ஆடையை எடுத்துவிட்டு, காலைப் பாலோடு கலந்து செப்புக் கொப்பரையில் உறைய வைக்கிறார்கள். சக்கரத்தின் எடை சுமார் 40 கிலோ, குறைந்தது 12 மாதம் பழுக்க வேண்டும். பார்மா, ரெஜ்ஜோ எமிலியா, மோதெனா மாவட்டங்களிலும், பொலோன்யா, மாந்துவா மாவட்டங்களின் குறிப்பிட்ட பகுதிகளிலும் செய்தால்தான் அந்தப் பெயர். மோதெனாவின் பாரம்பரிய பல்சாமிக் வினிகருக்கு 12 வருடம், பழையதற்கு 25 வருடம். கடையில் லிட்டர் கணக்கில் மலிவாகக் கிடைப்பது வேறு பொருள்.

லிகூரியா கரையோரம் மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு ஒடுங்கிய பட்டை. மாடு மேய்க்க இடமில்லை, கீரையும் எண்ணெயும்தான். பெஸ்தோவை அங்கே பளிங்கு உரலில் மரக் குழவியால் பேசில் இலை, பைன் கொட்டை, பூண்டு, கல்லுப்பு, சீஸ் சேர்த்து இடித்து, அந்த ஊர் ஆலிவ் எண்ணெயில் குழைப்பார்கள். மிக்ஸியின் சூட்டில் இலை கறுத்துவிடும். பாஸ்தா வேகும் தண்ணீரிலேயே உருளைக்கிழங்கும் பச்சை பீன்ஸும் வேக வைத்துச் சேர்த்துக் கலப்பது ஜெனோவா முறை. கொண்டைக்கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, எண்ணெயும் உப்பும் சேர்த்து, அகலமான செப்புத் தட்டில் விறகு அடுப்பில் சுட்டெடுக்கும் ஃபரினாதாவும் அங்கேதான். சூடாக, மேலே மிளகு தூவிச் சாப்பிட வேண்டும். அருமையாக இருக்கும்.

தொஸ்கானாவில் ரொட்டியில் உப்பே போடுவதில்லை. முதல் முறை சாப்பிடுகிறவர்களுக்குச் சப்பென்று இருக்கும். உப்புக் கரிக்கும் பன்றித் தொடையும் ஆட்டுப்பால் சீஸும் அதோடு சேரும்போதுதான் சரியாகும். ரொட்டி காய்ந்துபோனால் எறிய மாட்டார்கள். கோடையில் நனைத்துப் பிழிந்து தக்காளி, வெங்காயம், பேசில் சேர்த்தால் பன்ட்சனெல்லா. தக்காளியில் குழைய விட்டால் பாப்பா. குளிர்காலத்தில் கறுப்பு முட்டைக்கோஸ், வெள்ளை பீன்ஸோடு கொதிக்க வைத்து, மறுநாள் மறுபடி கொதிக்க வைத்தால் ரிபொல்லீதா. பெரிய மாட்டுக்கறித் துண்டு தொஸ்கானாவுக்குப் பெயர் வாங்கித் தந்தது, ஆனால் வீடுகளைக் காப்பாற்றியது இந்த ரொட்டிச் சூப்புகள்தான்.

ரோமில் நான்கு பாஸ்தா. ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்ற மூன்றும் வந்துவிடும். ஆட்டுப்பால் சீஸான பெகோரீனோவும் மிளகும் மட்டும் என்றால் காச்சோ எ பேபே. அதோடு குவான்ச்சாலே, அதாவது உப்பிட்டு உலர்த்திய பன்றிக் கன்னம், சேர்ந்தால் க்ரீச்சா. க்ரீச்சாவில் தக்காளி சேர்ந்தால் அமத்ரிச்சானா; முட்டை சேர்ந்தால் கார்போனாரா. மலையில் ஆடு மேய்க்கப் போகிறவர்கள் மூட்டையில் கொண்டு போகக்கூடிய பொருள்கள்தான் இவற்றின் அடிப்படை: உலர் பாஸ்தா, கெட்டிச் சீஸ், உப்புக்கண்டம், மிளகு. அந்த மிளகும் ஒரு காலத்தில் மலபார் கரையிலிருந்து அலெக்சாந்திரியா வழியாக வெனிஸ் வந்து இறங்கிய சரக்கு. நான்கிலும் கார்போனாராதான் இளையது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே எழுத்தில் தென்படுகிறது. அதில் க்ரீம் கிடையாது. முட்டையும் சீஸும் பாஸ்தா வெந்த தண்ணீரும் சேர்ந்து, அடுப்பை அணைத்த பிறகு பாஸ்தாவின் சூட்டிலேயே கெட்டிப்படும். அமத்ரிச்சே ஊர் 2016 ஆகஸ்ட் 24 அன்று பூகம்பத்தில் தரைமட்டமானது. அந்த ஊரின் பாஸ்தாத் திருவிழாவுக்குச் சில நாள்களே இருந்தன. நாடு முழுக்க உணவகங்கள் விற்ற ஒவ்வொரு அமத்ரிச்சானா தட்டுக்கும் 2 யூரோ நிவாரணத்துக்குக் கொடுத்தன, ஒரு யூரோ சாப்பிட்டவருடையது, ஒரு யூரோ கடையுடையது.

ரோமில் இன்னும் இரண்டு சமையல் மரபுகளை விட்டுவிடக் கூடாது. தெஸ்தாச்சோ பகுதியில் இருந்த இறைச்சிக்கூடத்தைச் சுற்றி வாழ்ந்த தொழிலாளர்களுக்கு நல்ல பங்கு எதுவும் கிடைக்காது. குடல், வால், நாக்கு, ஈரல் எல்லாம் அவர்கள் கையில் விருந்தானது. செலரியோடு மணிக்கணக்கில் வெந்த மாட்டு வால் இன்று நகரத்தின் அடையாளம். மற்றொன்று, 1555-இல் போப்பாண்டவர் ஆணையால் கெட்டோ சுவருக்குள் அடைக்கப்பட்ட யூதர்களின் சமையல். முழு ஆர்டிசோக்கை இரண்டு முறை எண்ணெயில் பொரித்து, பூ விரிந்தது போல மொறுமொறுவென்று எடுப்பார்கள். இத்தாலியச் சமையலில் யூதர்களின் பங்கு இதோடு நிற்பதில்லை. கத்தரிக்காயும் பெருஞ்சீரகக் கிழங்கும் தன் இளமையில் யூதர் சாப்பாடு என்று ஒதுக்கப்பட்டு ஃபுளோரன்ஸ் சந்தையில் அரிதாகவே கிடைத்ததாக அர்தூசியே எழுதியிருக்கிறார்.

நேப்பிள்ஸ்காரர்கள் என்றைக்குமே பாஸ்தாப் பிரியர்களாக இருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். 17-ஆம் நூற்றாண்டு வரை அவர்களைக் "கீரை தின்னிகள்" என்றுதான் மற்ற ஊர்க்காரர்கள் அழைத்தார்கள். மாவு பிசையவும் பிழியவும் பொறி வந்து விலை குறைந்த பிறகு, இறைச்சிக்கும் கீரைக்கும் பதிலாகப் பாஸ்தா தெருவுக்கு வந்தது. வெறும் சீஸ் தூவி, கையாலேயே தூக்கிச் சாப்பிட்டார்கள். தக்காளி 1548-இலேயே இத்தாலியில் பதிவாகியிருக்கிறது என்றாலும், பாஸ்தாவோடு தக்காளி சேரும் குறிப்பு நேப்பிள்ஸ் சமையல் நூலில் வருவது 1839-இல்தான். "ஆதி காலத்து" இத்தாலியச் சாப்பாடு என்று நாம் நினைக்கும் சிவந்த பாஸ்தாவுக்கு வயது இருநூறுக்கும் குறைவு. பீட்சாவும் அந்தத் தெருச் சாப்பாட்டு வரிசையில் பிறந்ததுதான். வீட்டு அடுப்பில் அந்தச் சூடு வராது என்பதால் அதைக் கடையில்தான் சாப்பிட்டார்கள்.

தெற்கே பூலியாவில் பன்றிக் கொழுப்புக்கூட விசேஷ நாளுக்குத்தான். எண்ணெய், டூரம் ரவை, காட்டுக் கீரை, பயறு. பழைய பாரி நகரத்துச் சந்துகளில் பெண்கள் வாசலில் உட்கார்ந்து கத்தி முனையால் மாவை இழுத்து, கட்டை விரலில் கவிழ்த்து ஒரெக்கியெத்தே செய்வதை இன்றும் பார்க்கலாம். கலாப்ரியாவைப் பற்றி நம் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: இத்தாலியில் உண்மையான காரம் வேண்டுமென்றால் அங்கே போக வேண்டும். ஸ்பீலிங்கா ஊரின் ந்தூயா, மிளகாய் குழைத்துச் சேர்த்த பன்றிக் கொழுப்புத் தொக்கு, ரொட்டியில் தடவலாம்.

சிசிலி ஒரு தனி உலகம். 827-இல் அரபுப் படைகள் இறங்கியதிலிருந்து அங்கே எலுமிச்சை, நாரத்தை, கரும்பு, கத்தரிக்காய், குங்குமப்பூ என்று தோட்டமே மாறியது. 1154-இல் எழுதிய அரபுப் புவியியலாளர் அல் இத்ரீசி, பலெர்மோவுக்குப் பக்கத்தில் த்ராபியா என்ற ஊரில் நூல் போன்ற மாவுப்பண்டம் செய்து கப்பல் கப்பலாக ஏற்றுமதி செய்தார்கள் என்று குறித்திருக்கிறார். மார்க்கோ போலோ சீனாவிலிருந்து வெனிஸ் திரும்பியது 1295-இல். பாஸ்தாவை அவர் கொண்டு வந்தார் என்ற கதையை இத்தோடு விட்டுவிடலாம். மத்தி மீன், காட்டுப் பெருஞ்சீரகக் கீரை, உலர் திராட்சை, பைன் கொட்டை, குங்குமப்பூ எல்லாம் ஒரே பாஸ்தாவில் சேர்வது பலெர்மோவில் இயல்பு. மேலே சீஸுக்குப் பதில் எண்ணெயில் வறுத்த ரொட்டித் தூள் தூவுவார்கள். சீஸ் வாங்க வசதியில்லாதவர்களின் கைப்பக்குவம், இன்று அதுவே சுவை. மேற்குக் கரையில் த்ராபானியில் ரவையைக் கையால் உருட்டி, ஆவியில் வேக வைத்து, மீன் குழம்பு ஊற்றிக் குஸ்குஸ் சாப்பிடுகிறார்கள், எதிர்க்கரைத் துனிசியாவைப் போலவே. டிசம்பர் 13, புனித லூசியா நாளில் பலெர்மோவில் ரொட்டியும் பாஸ்தாவும் தொடமாட்டார்கள். பஞ்ச காலத்தில் கோதுமைக் கப்பல் வந்து சேர்ந்தபோது, அரைக்கக்கூடப் பொறுக்காமல் அவித்துத் தின்றதை நினைத்து, முழுக் கோதுமையை வேக வைத்து ரிக்கோத்தா என்ற மென்மையான சீஸோடு சாப்பிடுவார்கள். அரிசி உருண்டையைப் பொரித்த அரன்சீனேயும் உண்டு.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இத்தாலி நல்ல நாடு, ஆனால் கண்ணுக்குத் தெரியாத சில இடங்களில் கவனம் வேண்டும். பார்மிஜானோ, பெகோரீனோ ரொமானோ இரண்டையும் உறைய வைப்பது கன்று அல்லது ஆட்டுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட். ரிசோட்டோ பெரும்பாலும் இறைச்சி சூப்பில் வேகும். காய்கறி சூப்பில் பன்றிக் கொழுப்பு ஒளிந்திருக்கலாம். ரொமான்யாவின் பியாதீனா ரொட்டியிலும் சிசிலியின் கன்னோலி என்ற இனிப்பின் மொறுமொறு ஓட்டிலும் பழைய முறையில் பன்றிக் கொழுப்பு சேரும். பன்னா கோத்தா என்ற இனிப்பில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். பூலியாவில் கீரை போட்ட ஒரெக்கியெத்தேயில் நெத்திலி கரைந்திருக்கும். முட்டையும் வேண்டாம் என்றால், கடையில் செய்யும் புதுப் பாஸ்தாவை விட்டுவிட்டு உலர் பாஸ்தாவைக் கேளுங்கள். "சென்சா கார்னே, சென்சா பெஷ்ஷே" என்று சொன்னால் இறைச்சியும் மீனும் வேண்டாம் என்பது புரியும். "ப்ரோதோ" என்ற சூப்பைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கவலையில்லாமல் கேட்டு வாங்கக்கூடியவை: ஜெனோவாவில் ஃபரினாதா, ஃபுளோரன்ஸில் பன்ட்சனெல்லா, பலெர்மோவில் கத்தரிக்காயைப் பொரித்து வினிகரும் சர்க்கரையும் சேர்த்த கபொனாதா, நேப்பிள்ஸில் தக்காளி, பூண்டு, ஓரிகானோ மட்டும் உள்ள மரினாரா பீட்சா, அதில் சீஸே கிடையாது. பூலியாவில் காய்ந்த ஃபாவா அவரையை மசித்து, பக்கத்தில் வேக வைத்த சிக்கரிக் கீரை வைத்து, பச்சை ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தருவார்கள். காபியில் நாம் கலக்கும் வேருக்குச் சொந்தக்கார இனம்தான் அந்தக் கீரையும். லேசான கசப்பு, அவரையின் இனிப்போடு ஜோடி சேரும்.

வீட்டில் செய்து பார்க்க ஆசை என்றால், பூலியாவின் தென்கோடியில் சலெந்தோவில் செய்யும் சீச்செரி எ த்ரியா நல்ல தொடக்கம். கொண்டைக்கடலையை இரவே ஊற வைத்து, பூண்டு, செலரி, பே இலை போட்டுக் குழைய வேக வையுங்கள். டூரம் ரவையில் தண்ணீர் மட்டும் விட்டுக் கெட்டியாகப் பிசைந்து, அரை மணி நேரம் மூடி வைத்து, விரித்து, விரல் அகல நாடாவாக வெட்டுங்கள். அதில் மூன்றில் ஒரு பங்கை ஆலிவ் எண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்து எடுத்து வையுங்கள். மீதியை லிட்டருக்கு 10 கிராம் உப்பு போட்ட தண்ணீரில் வேக வைத்து, கொஞ்சம் கடித்துப் பார்க்கும் பதத்தில் எடுத்துக் கடலையோடு சேர்த்து, அந்தத் தண்ணீரில் ஒரு கரண்டி ஊற்றிக் கலக்குங்கள். பரிமாறும் நேரத்தில் பொரித்த நாடாவையும் பொரித்த எண்ணெயில் கொஞ்சமும் மேலே போட்டு, மிளகு தூவுங்கள். இறைச்சியோ முட்டையோ சீஸோ எதுவும் இதில் இல்லை.